ஆர்டர் படிவத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்யுங்கள்

பழைய அமெரிக்க கிறிஸ்துமஸ் விளம்பரங்களையும் கடை கேட்டலாக்குகளையும் தேடிப்பிடித்து ஸ்கேன் செய்து வலையேற்றும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நீங்கள் இல்லாவிட்டால் இந்தத் தாள்களில் பெரும்பகுதி எடைக்குப் போயிருக்கும். அந்த நன்றியோடுதான் எங்கள் குறையையும் சொல்கிறோம். வலைக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் படங்கள்தான், கேட்டலாக் வருவதில்லை. அட்டை வருகிறது, பொம்மைப் பக்கங்கள் வருகின்றன, கோகோ கோலா பாட்டிலோடு சிரிக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா வருகிறார். நடுவில் செருகியிருந்த ஆர்டர் படிவமும் அஞ்சல் கட்டண அட்டவணையும் வருவதில்லை. பொருள்களின் அகரவரிசைப் பட்டியலும், பொடி எழுத்தில் நெருக்கி அடித்த கறுப்பு வெள்ளைப் பக்கங்களும்கூட விடுபட்டுப் போகின்றன.

அஞ்சல்வழியே பொருள் விற்ற பெரிய அமெரிக்கக் கடையான சியர்ஸ் நிறுவனத்தின் 1968 கிறிஸ்துமஸ் கேட்டலாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 605 பக்கம். அதில் பொம்மைகளுக்கு 225 பக்கம், பெரியவர்களுக்கான பரிசுகளுக்கு 380 பக்கம். பொம்மைப் பகுதியை மட்டும் ஏற்றிவிட்டு "முழுப் புத்தகம்" என்று எழுதினால், பாதிக்கு மேல் இல்லாத ஒன்றைத்தான் முழுமை என்கிறோம். அம்மாவின் வீட்டுச் சட்டையும் அப்பாவின் சவரக் கருவியும் எந்த விலையில், எந்தப் படத்தோடு விற்றன என்பது தெரியாமல் அந்த வீட்டுக் கிறிஸ்துமஸை எப்படிப் புரிந்துகொள்வது?

பெயரைப் பற்றியும் ஒன்று. சியர்ஸின் முதல் கிறிஸ்துமஸ் கேட்டலாக் 1933-இல் வந்தது. லயோனல் மின்சார ரயில், மிக்கி மவுஸ் கைக்கடிகாரம், 5 பவுண்டு சாக்லேட் பெட்டி இவற்றோடு, உயிருள்ள பாடும் கேனரிப் பறவைகள்கூட அதில் விற்பனைக்கு இருந்தன. "விஷ் புக்" (ஆசைப் புத்தகம்) என்ற செல்லப்பெயர் அதிகாரப்பூர்வமானது 1968-இல்தான். அதற்கு முந்தைய எல்லாவற்றையும் "விஷ் புக்" என்று கோப்பில் எழுதிவைத்தால், பின்னால் தேடுபவர் குழம்பிப்போவார். அட்டையில் அச்சிட்டிருக்கும் தலைப்பை அப்படியே எழுதுங்கள். செல்லப்பெயரைக் குறிச்சொல்லாகச் சேர்த்தால் போதும்.

இனி ஆர்டர் படிவம். அதன் பத்திகளைக் கவனியுங்கள்: கேட்டலாக் எண், எத்தனை வேண்டும், பொருளின் பெயர், நிறம், அளவு, ஒன்றின் விலை, மொத்த விலை, பார்சலின் எடை. எடைக்கு மட்டும் பவுண்டுக்கு ஒன்று, அவுன்ஸுக்கு ஒன்று என இரண்டு குறுகிய கட்டங்கள். ஒவ்வொரு பொம்மையின் விவரமும் எடையில் போய் முடிவது இதற்காகத்தான். வாங்குபவர் எடைகளையெல்லாம் கூட்ட வேண்டும். தன் ஊர் எத்தனை மைலில் இருக்கிறது, எந்த அஞ்சல் மண்டலத்தில் வருகிறது என்று அட்டவணையில் பார்த்துக் கட்டணத்தைச் சேர்க்க வேண்டும். பிறகு மணியார்டரோ செக்கோ வைத்து அனுப்ப வேண்டும். குழந்தை வட்டம் போட்ட பொம்மை மரத்தடிக்கு வந்து சேர்வதற்கு நடுவே சமையலறை மேசையில் நடந்த கணக்கு இது. படிவம் இல்லாத ஸ்கேனில் அந்தக் கணக்கு இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பெரிய கடைகள் ஒரே ஆண்டில் வட்டாரத்துக்கு ஒரு பதிப்பு அச்சிட்டன. அட்டை ஒன்றாக இருந்தாலும் கட்டண அட்டவணையும் சில பக்கங்களும் மாறும். எந்த ஊர்க் கிடங்கின் பதிப்பு என்பதைப் பெரும்பாலும் படிவத்தில் அச்சிட்ட முகவரியை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அமெரிக்க நூலகங்கள் பல, இதழ்களைப் பைண்டு செய்தபோது விளம்பரப் பக்கங்களை உருவி எறிந்துவிட்டன. வாரப் பத்திரிகையில் தொடர்கதையை மட்டும் கிழித்துப் பைண்டு செய்த நம் வீட்டு வழக்கத்தை நினைத்துக்கொண்டால் அந்த மனநிலை புரியும். அன்று நடந்ததை இன்று நாமும் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறோம்.

முதல் வேண்டுகோள்: புத்தகத்தின் முதுகை வெட்டாதீர்கள். பசையில் ஒட்டிய தடித்த கேட்டலாக்கை அறுப்பு இயந்திரத்தில் கொடுத்தால் உள் ஓரத்தில் சில மில்லிமீட்டர் போய்விடும். விவர வரிகளும் விலையும் பல பக்கங்களில் அந்த ஓரம் வரை ஓடும். முதுகைச் சூடு காட்டி இளக்குவதும் வேண்டாம். காய்ந்த பசை இளகினாலும் மரக்கூழ்த் தாள் அதோடு சேர்ந்து கிழியும். ஏறத்தாழ 90 பாகை மட்டும் திறக்கும் 'வி' வடிவத் தொட்டிலில் புத்தகத்தை வைத்து, பக்கத்துக்கு நேர் எதிரே கேமராவை நிறுத்துங்கள். விளக்குகளை 45 பாகைச் சாய்வில் வைத்தால் பளபளப்புத் தாளில் வெள்ளைத் திட்டு விழாது. கேமரா எடுத்துக்கொள்ளும் ஒளியளவை (எக்ஸ்போஷர்) கையால் பூட்டிவிடுங்கள். தானியங்கியில் விட்டால் கறுப்பு நிறைந்த பக்கம் வெளுத்தும் வெள்ளைப் பக்கம் மங்கியும் வரும்.

மெலிந்த கேட்டலாக்குகள் நடுமடிப்பில் ஸ்டேப்பிள் அடித்தவை. துருவேறிய பின்னைப் பிடுங்கும் கருவியால் இழுத்தால் தாளும் கூடவே வரும். நடுப்பக்கத்தைத் திறந்து, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டால் கால்களை நிமிர்த்தி, வெளிப்பக்கமாகத் தள்ளி எடுங்கள். திரும்பச் சேர்க்கும்போது இரும்புப் பின் வேண்டாம், பருத்தி நூலால் தைத்தால் போதும்.

தாள் மிக மெல்லியது என்பதால் பின்பக்கத்து அச்சு முன்பக்கத்தில் நிழலாடும். ஒவ்வொரு தாளுக்கும் பின்னே கறுப்பு அட்டை ஒன்றை வையுங்கள். இது மிக எளிது, ஆனால் பலரும் விட்டுவிடும் படி. வெள்ளை அட்டை வைத்தால் நிழல் கூடத்தான் செய்யும்.

லைஃப் போன்ற இதழ்களின் பக்கம் ஏறத்தாழ 10½-க்கு 14 அங்குலம். ஏ4 ஸ்கேனரில் அடங்காது. ஏ3 கிடைக்காவிட்டால் இரண்டு பாதியாக எடுத்து, நடுவில் 2 அங்குலமாவது ஒன்றின் மேல் ஒன்று வரும்படி கணினியில் ஒட்டுங்கள். இரண்டாம் பாதிக்குத் தாளைத் தலைகீழாகத் திருப்பாதீர்கள். ஸ்கேனரின் விளக்கு ஒரு பக்கத்திலிருந்து வருவதால் சுருக்கங்களின் நிழல் எதிரெதிராக விழுந்து ஒட்டிய கோடு தெரிந்துவிடும்.

ஸ்கேன் அடர்த்தி 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. ஏன் 300 போதாது? அச்சுப்படம் என்பது புள்ளிகளின் வரிசை. அங்குலத்துக்கு 133 அல்லது 150 வரிகள் கொண்ட புள்ளித்திரையை 300-இல் எடுத்தால் ஸ்கேனரின் கட்டங்களும் அச்சின் புள்ளிகளும் மோதி, படத்தின் மேல் பட்டுப்புடவை மடிப்பைப் போல அலைகள் ஓடும். 600-இல் புள்ளியே தனித்தனியாகப் பதிவாகும். அதைத் தரம் குறையாமல் படத்தை வைத்திருக்கும் டிஃப் கோப்பாக, கூர்மையூட்டாமல் சேமியுங்கள். பார்வைக்கான சிறிய பிரதி தேவையென்றால் அதன் நகலில் லேசாக மங்கலாக்கி அளவைக் குறையுங்கள். ஒருமுறை அலை பதிந்த கோப்பைப் பிறகு சுத்தம் செய்வது முடியாத காரியம்.

தானியங்கி நிறத்திருத்தம் செய்யும் கெடுதலுக்கு நல்ல உதாரணம் அலுமினிய கிறிஸ்துமஸ் மரம். விஸ்கான்சினின் மானிட்டோவாக் ஊரில் 1959 முதல் 'எவர்கிளீம்' என்ற பெயரில் வந்த மரங்கள் பெயர்பெற்றவை. துளையிட்ட தண்டில் வெள்ளித் தாள் இழைகள் கொண்ட கிளைகளைச் செருகிக்கொள்ள வேண்டும். உலோகத்தில் மின்சாரம் பாயும் ஆபத்து இருந்ததால் அதன் மேல் மின்விளக்குச் சரம் சுற்றக் கூடாது. அதற்குப் பதிலாகத் தரையில் ஒரு விளக்கும், அதன் முன்னே சுழலும் வண்ணச் சக்கரமும். சக்கரம் சுழலச் சுழல மரம் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று மாறும். இந்த மரத்தை அச்சிடச் சாதாரண நான்கு மையில் வெள்ளி நிறம் கிடையாது. வெளிர் சாம்பலும் அதில் துளி நீலமோ இளஞ்சிவப்போ கலந்த சாயலும்தான் அந்த மினுமினுப்பைக் காட்டுகின்றன. மென்பொருள் "பழுப்பேறிய தாள்" என்று எண்ணி வெளுக்கும்போது முதலில் அழிவது அந்தச் சாயல்தான், மரம் வெறும் வெள்ளைத் துடைப்பமாக நிற்கும். ஆகவே ஒவ்வொரு அமர்விலும் முதல் படத்தில் வண்ண அட்டையை (நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மாதிரி அட்டை) வைத்து எடுங்கள். மூலக் கோப்பில் தாளின் பழுப்பு பழுப்பாகவே இருக்கட்டும்.

சிவப்புக்கும் இதே கதை. ஹேடன் சன்ட்ப்ளோம் 1931 முதல் 1964 வரை கோகோ கோலாவுக்காகத் தாத்தாவை எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். ஒரே ஓவியம் வெவ்வேறு இதழ்களில், வெவ்வேறு தாளிலும் மையிலும் அச்சானபோது சிவப்பு மாறியது. எல்லாவற்றையும் இன்றைய நிறுவனச் சிவப்புக்குத் திருத்துவது வரலாற்றைத் திருத்துவது. கூடவே, தாத்தாவுக்குச் சிவப்பு உடை போட்டதே அந்த நிறுவனம்தான் என்ற தலைப்பையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒயிட் ராக் என்ற பான நிறுவனத்தின் 1923 ஜிஞ்சர் ஏல் (இஞ்சிச் சுவைக் குளிர்பானம்) விளம்பரத்திலேயே சிவப்பு உடைத் தாத்தா இருக்கிறார்.

ஆண்டு குறிப்பதில்தான் தவறு அதிகம். இதழின் பெயரும் தேதியும் பக்கத்தின் அடி ஓரத்தில் இருக்கும். பக்கத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு விற்பவர்கள் முதலில் வெட்டுவது அந்த ஓரத்தைத்தான். ஓரம் போயிருந்தால், விளம்பரத்தில் வெட்டி அனுப்பச் சொல்லும் கூப்பனின் முகவரியைப் பாருங்கள். ஊர்ப்பெயருக்குப் பின் "சிகாகோ 11" என்பதுபோல ஓரிலக்க அல்லது ஈரிலக்க எண் இருந்தால் அது 1943-க்குப் பிந்தையது. ஐந்திலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தையது. ஐந்திலக்கம் இல்லையென்றால் அதற்கு முந்தையது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள், பலர் பழைய முகவரியையே சில காலம் அச்சிட்டார்கள். பொருள்களும் சாட்சி சொல்லும். நோமா நிறுவனத்தின் குமிழி விளக்கு (உள்ளே குமிழ்கள் எழும் மர விளக்கு) வந்தது 1946-இல். மரத்தில் தொங்கவிடும் 'ஷைனி பிரைட்' கண்ணாடி உருண்டையின் மூடி அட்டைத்தாளாக இருந்து, உள்ளே வெள்ளிப் பூச்சு இல்லாமல் வண்ணக் கோடுகள் மட்டும் தெரிந்தால், அது உலோகத் தட்டுப்பாடு நிலவிய போர்க்காலச் சரக்கு. நிச்சயமில்லாதபோது "1946-க்குப் பின்" என்று எழுதுவதே நேர்மை. "1950கள்" என்று எல்லாவற்றுக்கும் ஒட்டுவதால் யாருக்கும் பயனில்லை.

எழுத்துணரி மென்பொருளை ஓட்டியபின் விலைகளைக் கண்ணால் சரிபாருங்கள். சென்ட் எண்களைச் சிறிதாக்கித் தூக்கி அச்சிட்ட இடங்களில் 2 டாலர் 98 சென்ட் 298 டாலராகிவிடும். சென்ட் குறி 4 ஆகவோ 'சி' எழுத்தாகவோ மாறும். செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கிய படத்தை ஸ்கேன் என்று ஏற்றவே கூடாது. அது பொடி எழுத்துகளைத் தானாகக் கற்பனை செய்யும், குழந்தைகளின் முகங்களை மாற்றும்.

குழந்தைகள் கத்தரித்த ஓட்டைகள், பேனா வட்டங்கள், மடித்த மூலைகள் எல்லாம் இருக்கட்டும். ஓட்டை உள்ள பக்கத்தை அப்படியே எடுங்கள். வேறு பிரதியிலிருந்து நிரப்பினால் நிரப்பியதாகக் குறிப்பு எழுதுங்கள். இல்லாத பக்கத்தின் எண்ணையும் "இல்லை" என்று கோப்புப் பட்டியலில் காட்டுங்கள்.

சங்கடம் தரும் பக்கங்களையும் விட்டுவிடாதீர்கள். சிகரெட் பெட்டிகளைப் பரிசுத்தாளில் சுற்றித் தாத்தாவின் கையில் கொடுத்த விளம்பரங்கள் ஏராளம். நடிகராயிருந்த ரொனால்ட் ரீகன் செஸ்டர்ஃபீல்டு அட்டைப்பெட்டிகளோடு நிற்கும் கிறிஸ்துமஸ் விளம்பரமும் அவற்றில் ஒன்று. பெண் குழந்தைக்கு அடுப்பு, ஆண் குழந்தைக்கு ரயில் என்று பிரித்த பக்கங்கள் உண்டு. பெரிய இதழ்களின் கிறிஸ்துமஸ் குடும்பங்கள் ஏறக்குறைய எல்லாமே வெள்ளையர் குடும்பங்கள். 1945 நவம்பரில் சிகாகோவில் தொடங்கிய எபனி இதழில் அதே காலத்து விளம்பரங்களில் கறுப்பினக் குடும்பங்களைக் காணலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அந்தக் காலம் முழுதாகத் தெரியும். நிறப்பாகுபாடு சட்டமாகவே இருந்த தென் மாநிலங்களில், கடை வாசலில் அவமானப்படாமல் வாங்க வழி கொடுத்ததும் இந்தக் கேட்டலாக்தான். எங்களுக்கு ஆர்டர் படிவத்தின் மேல் இவ்வளவு மரியாதை இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்: அதில் நிறத்தைக் கேட்கும் பத்தி சட்டைக்கானது, ஆளுக்கானது அல்ல.

உரிமை விஷயத்தில் "பழசுதானே" என்று இருந்துவிட வேண்டாம். அமெரிக்காவில் 1963 வரை வெளியானவற்றுக்கு 28-ஆம் ஆண்டில் உரிமையைப் புதுப்பிக்காவிட்டால் பாதுகாப்பு முடிந்துவிட்டது. 1964 முதல் 1977 வரை உரிமைக் குறிப்போடு வந்தவற்றுக்கு 95 ஆண்டு. ஆகவே உரிமைக் குறிப்பு உள்ள பக்கத்தையும் தவறாமல் எடுங்கள், பிறகு வருபவர் சரிபார்க்க அதுவே ஆதாரம்.

வேலை முடிந்தபின் புத்தகத்தைப் படுக்கவையுங்கள். நிற்கவைத்தால் தாள்களின் கனம் முதுகை இழுத்துப் பிய்க்கும். லேமினேஷனும் செலோ டேப்பும் வேண்டாம். ஈரப்பதம் 50 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். களிமண் பூச்சுள்ள பளபளப்புத் தாள் ஒருமுறை நனைந்து காய்ந்தால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும், பிரிக்க முடியாது.

கேட்டலாக் இல்லாமல் ஆர்டர் படிவம் மட்டும் தனியே கிடைத்தாலும் எறியாதீர்கள். இரண்டு பக்கத்தையும் எடுத்து, அதில் அச்சிட்ட ஆண்டையும் கிடங்கு ஊரையும் கோப்பின் பெயரிலேயே எழுதி ஏற்றுங்கள். படிவம் தொலைந்த பிரதியை வைத்திருக்கும் இன்னொருவர் அதைத்தான் தேடிக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
பழந்தாள்களோடு வேலை செய்யும் உங்கள் நண்பர்கள்