மாகோச் சந்தியில் சந்திப்போம்

கொக்குவில்,
யாழ்ப்பாணம்.
24 ஓகஸ்ட் 2025

அன்பின் நண்பருக்கு,

உமது கடிதமும் அதனோடு வைத்து அனுப்பிய பயணத் திட்டமும் நல்லூர்த் தேருக்கு மறுநாள் கிடைத்தன. திருவிழாவுக்கு வந்து நின்ற உறவினர்கள் புறப்பட்டு வீடு அடங்கிய பிறகுதான் ஆறுதலாக இருந்து வாசிக்க முடிந்தது. கண்புரைச் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று மாலை யாழ்ப்பாணம் புகையிரத நிலையத்திற்குப் போய், நேர அட்டவணைப் பலகையை எட்ட நின்றே வாசித்து, நமக்கு வேண்டியவற்றைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஆகவே இந்தக் கடிதம் முழுவதும் பயணத்தைப் பற்றியதாகவே இருக்கும். வீட்டுப் புதினங்களை நேரிலே பேசிக்கொள்வோம்.

மட்டக்களப்பிலிருந்து யாழ்ப்பாணம் வருவதற்கு நேரே பேருந்து இருக்கும்போது, மாகோ வரை இறங்கிப் பிறகு வடக்கே ஏறும் புகையிரதப் பாதையை நீர் தெரிவுசெய்ததில் எனக்கு முழுச் சம்மதம். நமது வயதில் விரைவாகப் போய்ச் சேர்வதற்கு அப்படி என்ன அவசரம் இருக்கிறது? ஆனால் நீர் குறித்திருக்கும் தங்குமிடங்களின் வரிசையைப் பார்த்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. புனானை, பொலன்னறுவை, மின்னேரியா, ஹபரணை, மாகோ, கல்கமுவ, அனுராதபுரம், மதவாச்சி, மடு, மன்னார், முறிகண்டி என்று ஒரு வாரத்திற்குள் இத்தனை இடங்களில் இறங்கி ஏறினால், நாம் ஊர்களைப் பார்க்கப்போவதில்லை, புகையிரத மேடைகளைத்தான் பார்த்துக்கொண்டு இருப்போம். ஓர் இடத்தில் இறங்குவதென்றால் அங்கே ஓர் இரவாவது படுத்து எழும்ப வேண்டும் என்பது என்னுடைய கட்சி. இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைக்கும் மூன்று மணித்தியாலத்தில் ஓர் ஊரைப் பார்த்துவிடலாம் என்று நினைப்பவர், கடைசியில் கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு இருப்பார்.

அதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. மாகோவுக்கு அப்பால் வடக்குப் பாதையும் உங்கள் கிழக்குப் பாதையும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டி அடுத்த நிலையத்தில் வந்து விலகும்வரை நமது வண்டி காத்துக் கிடக்க வேண்டும். ஒரு வண்டி பிந்தினால் அதனோடு விலக வேண்டிய வண்டியும் பிந்தும், அந்தத் தாமதம் கோடி நிலையம்வரை பரவும். நான் கடைசியாக உங்கள் பக்கம் வந்தபோதும், நிலைய அதிபர் தோற்பையில் வில்லையைப் போட்டுக் கட்டிய பெரிய வளையத்தை மேடையோரம் நின்று உயர்த்திப் பிடிக்க, இயந்திரத்தின் படியில் நின்றவர் கையை முழங்கைவரை நுழைத்து அதை வாங்கிக்கொண்டு, தன்னிடமிருந்த மற்ற வளையத்தைக் கீழே எறிந்துவிட்டுப் போனார். அந்த வில்லை கையில் இல்லாமல் சாரதி அடுத்த துண்டுப் பாதைக்குள் நுழையக் கூடாது. இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் வந்துவிடாமல் காப்பது அதுதான் என்பதால் தாமதத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இணைப்பு வண்டியை நம்பித் திட்டம் போடும்போது, அட்டவணையில் காணும் இடைவெளியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரு மணித்தியாலத்தையேனும் அதிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும்.

மட்டக்களப்பிலிருந்து இரவு வண்டியில் வரலாம், ஒரு நாள் மிச்சமாகும் என்று எழுதியிருந்தீர். வேண்டாம். இந்த ஆண்டு பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே மீனகயா வண்டி யானைக் கூட்டத்தில் மோதி ஆறு யானைகள் இறந்ததையும் வண்டி தடம்புரண்டதையும் நீர் பத்திரிகையில் பார்த்திருப்பீர். அந்தக் காட்டுப் பகுதியை இரவில் கடப்பது யானைக்கும் நல்லதல்ல, நமக்கும் நிம்மதியல்ல. அதைவிட, மன்னம்பிட்டியில் மகாவலியின் மேலுள்ள அந்தப் பழைய இரும்புப் பாலத்தை இருட்டில் கடந்து வருவதற்கு இவ்வளவு தூரம் சுற்றி வர வேண்டுமா? பேருந்தும் புகையிரதமும் ஒரே பாலத்தை மாறிமாறிப் பாவித்த காலம் உமக்கு நினைவிருக்கும். இப்போது வீதிக்குப் புதுப்பாலம் உண்டு. பழையது புகையிரதத்திற்கே உரியது. காலை வண்டியில் வாரும், வலப்பக்க யன்னலோரம் இரும்.

இனி நாட்கள். செப்டெம்பர் 7ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை பௌர்ணமி. அந்த வார இறுதியில் அனுராதபுரப் பக்கம் வண்டிகளில் கால் வைக்க இடமிராது. 22ஆம் திகதி நவராத்திரி தொடங்குமுன் நீர் யாழ்ப்பாணத்தில் ஆறியிருக்க வேண்டும். ஆகவே 10ஆம் திகதி புதன்கிழமை புறப்படும். உமது வீட்டில் வாரசூலம் பார்ப்பார்கள் என்று தெரியும். புதன்கிழமை சூலம் வடக்கே, நீர் மேற்கே வருகிறீர், நான் தெற்கே போகிறேன், இருவருக்கும் குற்றமில்லை. வெள்ளிக்கிழமை பொலன்னறுவையிலிருந்து மீண்டும் மேற்கே போக வேண்டியிருக்கும். சூலம் வீட்டிலிருந்து புறப்படும் நாளுக்கு மட்டுந்தான், இடையில் தங்குகிற இடத்திற்கு இல்லை என்று சொல்லி நீர்தான் சமாளிக்க வேண்டும்.

பொலன்னறுவையில் இரண்டு இரவுகள் தங்கும். புகையிரத நிலையம் கதுருவெலயில் இருக்கிறது. பழைய நகரம் அங்கிருந்து சில கிலோமீற்றர் மேற்கே என்பதால் இறங்கியதும் முச்சக்கர வண்டி பிடித்துவிடும். பராக்கிரம சமுத்திரக் கரையிலுள்ள பழைய வாடிவீட்டில் அறை கிடைத்தால் நல்லது. 1954இல் எலிசபெத் மகாராணி தங்கிய இடம் என்று அங்கே பெருமையாகச் சொல்வார்கள், உமக்கு வேண்டியது மாலைக் காற்றுத்தான். அடுத்த நாள் காலையில், வெயில் ஏறுமுன், இரண்டாம் சிவாலயத்திற்குப் போய்வாரும். சோழர் இந்த நகரைச் சனநாதமங்கலம் என்று அழைத்த காலத்தில் எழுந்த வானவன்மாதேவி ஈச்சரம் அதுதான். சுவரிலுள்ள தமிழ்க் கல்வெட்டு எழுத்துகளை விரலால் தொடாமல் கண்ணால் வாசிக்கப் பாரும். பல்கலைக்கழகத்தில் சாசன வகுப்பில் நீர் என்னைவிட நன்றாக வாசித்தவர். மின்னேரியாக் குளத்தோரம் யானைகள் கூடும் பருவம் இதுவேதான் என்பதால் அன்று பின்னேரம் ஜீப் ஒன்று பிடித்துப் போய்வந்தால், உமது பட்டியலில் மின்னேரியாவும் ஹபரணையும் தாமாகவே தீர்ந்துவிடும்.

நான் அதே புதன்கிழமை கொக்குவிலில் இருந்து புறப்பட்டு வவுனியாவில் தங்கையின் வீட்டில் ஓர் இரவும், அனுராதபுரத்தில் மறு இரவும் தங்கி, 12ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாகோவுக்கு வந்துவிடுவேன். அனுராதபுரத்திலேயே நின்று உம்மை எதிர்பார்க்கலாமே, தெற்கே போய் மீண்டும் வடக்கே வருவது வீண் அலைச்சலல்லவா என்று கேட்பீர். மாகோவில் வண்டி மாறுவதுதான் இந்தப் பயணம் முழுவதிலும் முடிச்சான இடம். உமது வண்டி பிந்தினால், தெரியாத சந்தியில், சீனி வருத்தக்காரர் தனியே பசியோடு இருப்பதை நான் விரும்பவில்லை. பேராதனையில் படித்த காலத்தில் விடுமுறை முடிந்து திரும்பும்போது, நான் யாழ்தேவியில் வந்தும் நீர் மட்டக்களப்பு வண்டியில் வந்தும் பொல்காவலையில் இறங்கி, கண்டி வண்டிக்காக எத்தனை முறை மேடையில் காத்திருந்தோம்! அப்போது முதலில் வந்தவர் மற்றவருக்காகத் தேநீர்க் கடைக்கு அருகே நிற்பது வழக்கம். அதே வழக்கம் மாகோவிலும் செல்லும்.

மாகோவுக்கு இன்னொரு நியாயமும் உண்டு. அங்கிருந்து ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றரில் யாப்பகுவ. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் புவனேகபாகுவின் தலைநகராக இருந்த அந்தக் குன்றுக் கோட்டைக்குப் பாண்டியனின் படையோடு போய்ப் புத்தரின் தந்ததாதுவைப் பாண்டி நாட்டுக்குக் கொண்டுசென்றவன், யாழ்ப்பாண மன்னர்கள் தாங்கிய பெயரையுடைய ஆரியச்சக்கரவர்த்தி என்று வரலாறு சொல்கிறது. யாழ்ப்பாணத்தவன் ஒருவன் அங்கே போவதானால் கொஞ்சம் அடக்கத்தோடு போக வேண்டும். படிக்கட்டு செங்குத்தானது, சிங்க உருவங்கள் இருக்கும் மட்டத்திற்கு ஏறினால் போதும், உச்சிக்குப் போகும் எண்ணத்தை உமது முழங்காலும் எனது முழங்காலும் சேர்ந்தே தள்ளிவிடும். மாலை வண்டியில் அனுராதபுரம் திரும்புவோம். அங்கே பிரதான நிலையம், புதுநகர் நிலையம் என்று இரண்டு உண்டு. அறையைப் பிரதான நிலையத்திற்குக் கிட்டவே சொல்லிவைக்கிறேன். அனுராதபுரத்தைப் பற்றி உமக்குச் சொல்ல என்னிடம் புதிதாக எதுவும் இல்லை. சனிக்கிழமை முழுவதும் ஓய்வு. மாலையில் எல்லாளனின் சமாதி என்று நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த தக்கிண தூபிவரை நடந்துவிட்டு வரலாம்.

ஞாயிற்றுக்கிழமைப் பயணந்தான் எனக்கு மிகவும் விருப்பமானது. கொழும்பிலிருந்து தலைமன்னாருக்குப் போகும் வண்டி அனுராதபுரத்தின் வழியாகவே வருவதால், மதவாச்சியில் மாறத் தேவையில்லை. மதவாச்சியிலிருந்து தலைமன்னார்வரை சுமார் 106 கிலோமீற்றர். செட்டிகுளம், முருங்கன், திருக்கேதீஸ்வரம் என்று காடும் வயலும் கடந்து, கடலுக்கு நடுவே மன்னார்த் தீவுக்குள் வண்டி நுழையும். மடுவை ஏன் வெட்டினேன் என்று கேட்பீர். மடு வீதி நிலையத்தில் இறங்கினாலும் தேவாலயத்திற்குப் பல கிலோமீற்றர் காட்டுவழி. அதை யாழ்ப்பாணத்திலிருந்து வேறொரு நாளில் வாகனம் பிடித்துப் போய்ப் பார்ப்பதே வசதி. மன்னாரில் இரண்டு இரவுகள். பாலாவித் தீர்த்தத்தில் கால் நனைத்துக் கேதீச்சரநாதரை வணங்குவதும், பள்ளிமுனையில் அந்தப் பெருக்கமரத்தைச் சுற்றி வருவதும், தெருவில் கழுதைகளுக்கு வழிவிட்டு நிற்பதும் ஒரு நாளுக்குப் போதும். வங்காலையில் பூநாரைகளைக் காணலாம் என்று எழுதியிருந்தீர். செப்டெம்பரில் அவை வந்திரா.

திங்கட்கிழமை தலைமன்னார் கோடிவரை போவோம். 1914இல் இந்தப் பாதை திறந்தபோது கொழும்புக் கோட்டையில் வாங்கிய ஒரே சீட்டோடு இங்கே கப்பல் ஏறி, தனுஷ்கோடியில் மீண்டும் வண்டி ஏறிச் சென்னைவரை போகக்கூடியதாக இருந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் இராமேஸ்வரத்திற்குக் கப்பல் ஓடி, எண்பதுகளில் போரோடு அதுவும் நின்றது. போர்க்காலத்தில் தண்டவாளமும் போய், 2015 மார்ச்சில்தான் தலைமன்னாருக்கு வண்டி திரும்பவும் வந்தது. இடையில் தங்கிச் செல்லும் பயணம் என்றால் அந்தக் காலத்துக்காரர்களுக்கு அது கடலைத் தாண்டியும் நீண்டது என்பதை அந்தத் துறையில் நின்று பார்த்தால்தான் உறைக்கும்.

செவ்வாய்க்கிழமை யாழ்ப்பாணம். இங்கே உண்மையைச் சொல்ல வேண்டும்: மன்னாரிலிருந்து பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாக வரும் பேருந்து, மதவாச்சிக்குப் போய் வண்டி மாறி வருவதைவிடக் கிட்டியது, நேரமும் மிச்சம். காசையும் களைப்பையும் பார்த்தால் அதில்தான் வர வேண்டும். ஆனாலும் நீர் 1990 ஜூனில் சேவை நின்ற பிறகு வடக்கே புகையிரதத்தில் வந்ததே இல்லை. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திற்கும் அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் வண்டி ஓடத் தொடங்கிய பின்னரும் பேருந்திலேயே வந்துபோனீர். ஆனையிறவில் இரு பக்கமும் தண்ணீர் விரிய வண்டி போகும் அந்தச் சில நிமிடங்களுக்காக, மதவாச்சி மேடையில் காத்திருக்கலாம் என்று நான் தீர்மானித்திருக்கிறேன். இணைப்பு வண்டி தவறினால் மதவாச்சியிலிருந்து வவுனியாவுக்குப் பேருந்து தாராளம். தங்கை வீடு இருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையாரை வண்டியிலிருந்தே கும்பிட்டுக்கொள்வோம். தேங்காய் உடைப்பதை நீர் திரும்பிப் போகும்போது பேருந்தில் வைத்துக்கொள்ளும்.

சீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஆசனப் பதிவு குறித்த நாளுக்கும் குறித்த வண்டிக்கும் மட்டுமே செல்லும் என்பதால், நாம் தங்கித் தங்கிப் போகும் துண்டுகளுக்கு அது காலில் கட்டிய கயிறு. ஒவ்வொரு துண்டுக்கும் அந்தந்த நிலையத்தில் இரண்டாம் வகுப்புச் சீட்டு எடுப்போம். வார நாட்களில் இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மன்னார் வண்டிக்கு மட்டும், பதிவு உண்டா என்று இங்கே விசாரித்து, உண்டென்றால் நானே செய்துவிடுகிறேன். பொதி ஒன்றுக்கு மேல் வேண்டாம். மேடைக்கும் வண்டிப் படிக்கும் இடையிலுள்ள உயரத்தில், இரு கையும் நிறைந்தவர் ஏற முடியாது. மாத்திரைகளைச் சட்டைப்பையிலும், மதியத்துக்கு இலையில் கட்டிய சோற்றுப் பொதி ஒன்றைக் கையிலும் வைத்துக்கொள்ளும். வண்டியில் வரும் வடையையும் கடலையையும் நம்பி உமது சீனியைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். எனக்கென்று தயிர்ச் சட்டி தூக்கிக்கொண்டு வரவும் வேண்டாம், அது அனுராதபுரத்தைத் தாண்டாது.

மன்னாரில் அறை சொல்லிவைக்க வேண்டியிருப்பதால், நாட்கள் சம்மதமா என்பதை இந்த மாதம் முடியுமுன் தொலைபேசியிலாவது சொல்லிவிடும். பொலன்னறுவை வாடிவீட்டுக்கு நீர் பேசும். அனுராதபுரமும் மன்னாரும் என் பொறுப்பு.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உமது அன்பு நண்பன்