நிறுத்தும் பொத்தான் அவர் கையில் இருக்கட்டும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சி6 மட்டத்தில், அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாம் நிலையில், காயம் பட்ட அந்தப் பெண்ணும் கணவரும் தாம்பத்தியம் பற்றி உன்னிடம் வாய்விட்டுக் கேட்டார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. சக்கர நாற்காலி, படுக்கைப் புண், சிறுநீர்க் குழாய் என்று எல்லாவற்றையும் பேசுகிற நாம் தாம்பத்தியத்தை மட்டும் தள்ளிவைத்துவிடுகிறோம். 2006இல் வந்த ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, 25ஆம் பிரிவில் பாலியல் நலச் சேவையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அவர்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எந்த வைப்ரேட்டர் வாங்கச் சொல்லலாம் என்று கேட்டிருந்தாய். முதலில் அவர் கையைப் பார். சி6இல் மணிக்கட்டை நிமிர்த்த முடியும். விரல்களை மடக்கிப் பிடிக்க வலு இருக்காது. மணிக்கட்டு நிமிரும்போது விரல்கள் தாமாகச் சற்று மடங்கும். வழவழப்புக்குப் பூசும் ஜெல் பட்ட கருவி அந்தப் பிடியில் நிற்காது, வழுக்கிவிடும். அதனால் கருவியைக் கையோடு கட்ட வேண்டும். இரண்டரை சென்டிமீட்டர் அகல வெல்க்ரோ பட்டையை உள்ளங்கையைச் சுற்றிக் கொண்டுவந்து, கைப்பிடியை அதற்குள் செருகு. பட்டை மணிக்கட்டு மடிப்பின் மேல் ஏறக் கூடாது. ஏறினால் பிடிக்க உதவுகிற அந்த அசைவும் போய்விடும். கைப்பிடி மெலிதாக இருந்தால் குழாய்களுக்குப் போடும் நுரை உறையை நீளவாக்கில் கீறி அதன்மேல் மாட்டு. நுரையில் ஈரமும் அழுக்கும் தங்கும், கழுவினாலும் முழுக்கச் சுத்தமாகாது. அதனால் மேலே ஆணுறை போட்டு, ஒவ்வொரு முறையும் மாற்றச் சொல். நீளமான கருவி வேண்டாம். எடை உள்ளங்கைக்கு முன்னால் போனால் மணிக்கட்டு தொங்கிவிடும், இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும்.

இதைவிட முக்கியமானது பொத்தான். சின்னப் பொத்தானை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால்தான் அணையும் என்கிற கருவியை வாங்கவே விடாதே. விரல் முட்டியால் தட்டினால் அணைகிற பெரிய ரிமோட் நல்லது. கணவர் இயக்கினாலும் சரி, நிறுத்துவது அந்தப் பெண்ணின் கைக்கு எட்ட வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சார்ஜர் கிடைத்தால் அதையே எடுக்கச் சொல். ஊசிமுனைச் செருகியோடு அவர் மல்லாட முடியாது.

நிறுத்துவதற்கு ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், டி6இல், அதாவது மார்புத் தண்டுவடத்தின் ஆறாம் நிலையில், அல்லது அதற்கு மேல் காயம் உள்ளவர்களுக்கு (சி6உம் அதில் அடங்கும்) அதிர்வே இரத்த அழுத்தத்தைத் திடீரென்று ஏற்றிவிடலாம். மண்டை இடிப்பது போன்ற தலைவலி, முகம் சிவப்பது, கழுத்துக்கு மேல் வியர்ப்பது, இவை அடையாளம். அவருடைய வழக்கமான அழுத்தம் குறைவாகவே இருக்கும். அதனால் முதலில் ஓய்வில் அளந்து எழுதி வை. மேல் எண் அதைவிட 20 முதல் 40 வரை கூடினாலே ஆபத்து. 130 என்று பார்த்து நார்மல்தானே என்று யாரும் ஏமாறக் கூடாது. உடனே கருவியை அணைத்து, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, இறுக்கமான துணி, பட்டை எல்லாவற்றையும் தளர்த்த வேண்டும். சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் இறங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். முதல் சில முறை இரத்த அழுத்தக் கருவி கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உணர்வு எங்கே இருக்கிறது என்பதை அவர்களே தேடட்டும். உணர்வில்லாத இடத்தில் மென்மையான துணியை வைத்து மெல்ல மேலே இழுத்துக்கொண்டே வந்தால், உணர்வு தொடங்கும் எல்லை தெரியும். பலருக்கு அந்த எல்லை, கழுத்து, காது ஓரம் முன்பைவிடக் கூர்மையாகியிருக்கும். தொடக்கம் அங்கிருந்தே ஆகட்டும். மரத்த தோலில் ஒரே இடத்தில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கருவியை வைக்க வேண்டாம். வலிக்காததால் புண்ணாவது தெரியாது. முடிந்ததும் பிட்டம், முதுகின் அடி, குதிகால் எல்லாம் பார்க்கச் சொல். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும். வெளுக்கவில்லையென்றால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது.

முன்னதாகச் சிறுநீரை வெளியேற்றிவிட வேண்டும். நிரந்தரக் குழாய் இருந்தால் வயிற்றோடு சேர்த்து ஒட்டலாம், எடுக்கத் தேவையில்லை. தொடை இறுகினால் முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டு, இடுப்புக்கு ஆப்புத் தலையணை. ஜெல் நீர் சார்ந்ததாக இருக்கட்டும். எண்ணெய் லேட்டக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும், சிலிகோன் ஜெல் சிலிகோன் கருவியைப் பாழாக்கும். முதுகெலும்புப் பிளவோடு பிறந்தவர்களில் லேட்டக்ஸ் ஒவ்வாமை அதிகம் என்பதால் அவர்களுக்குப் பாலியூரித்தேன் ஆணுறை.

விறைப்புக்காக ஆண்கள் பயன்படுத்தும் வெற்றிடப் பம்பு பற்றியும் கேட்டிருந்தாய். ஆண்குறியின் அடியில் போடும் வளையம் 30 நிமிடத்துக்கு மேல் இருக்கவே கூடாது. உணர்வில்லாதவர் அலாரம் வைத்தாக வேண்டும். விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு, அழுத்தத்தை இறக்கும் நைட்ரேட் மருந்து கொடுத்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போய்விடும். அழுத்தம் ஏறி மருத்துவமனைக்குப் போனால், மாத்திரை போட்டதை முதல் வார்த்தையாகச் சொல்லச் சொல்.

அடுத்த முறை அவர்கள் வரும்போது அந்தப் பெண்ணிடம் தனியாக ஐந்து நிமிடம் பேசு. மலம் எடுப்பதும் உடம்பு துடைப்பதும் கணவர்தான் என்றால், அந்த வேலைக்கும் நெருக்கத்துக்கும் நடுவே அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேள். முடிந்தால் அந்த வேலைக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்யலாம். பட்டை கையில் சரியாக உட்கார்ந்ததா என்று எழுது.

அன்புடன்,
உன் தோழி