கடிகாரம் சரி, கலண்டர் பிழை: பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அலுவலக வேலைக்கு வரும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நேரத்தின் அருமை தெரியவில்லை, ஒன்பது மணிக் கூட்டத்துக்கு ஒன்பதரைக்கு வந்து நிற்கிறார்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததை உங்கள் பத்திரிகையில் படித்தேன். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பக்கம் அலுவலகங்களுக்குப் போய்க் கணினி பழுது பார்ப்பது என் தொழில். பொகவந்தலாவையில் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவள். மழையோ பனியோ, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, ஒரு நாளும் பிந்தாத அம்மாவின் மகள். எங்கள் ஆட்களுக்கு நேரம் தெரியாது என்று யார் சொன்னாலும் எனக்குப் பொறுக்காது. அந்த வாசகர் சொன்ன அதே அரை மணித்தியாலத்தை நான் பல அலுவலகங்களில் பார்த்திருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். தோட்டத்துப் பெண்கள் சிலரைக் கொழும்பிலுள்ள அதிகாரி ஒருவருடன் காணொளியில் பேச வைக்க ஏற்பாடு. அலுவலகக் கலண்டரைப் பார்த்து ஒன்பதரை என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லியிருந்தாள் அங்கே வேலை செய்யும் பிள்ளை. அவர்களும் மஸ்கெலியாவில் இருந்து பஸ் பிடித்து ஒன்பதேகாலுக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். கொழும்பு அதிகாரி ஒன்பது மணிக்கே திரையில் வந்து, யாரையும் காணாமல் அரை மணித்தியாலம் காத்திருந்து, அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டார். வந்த பெண்கள் அன்றைக்கு அரைப் பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, இழந்தவர்கள். ஏச்சு முழுவதும் அந்தப் பிள்ளைக்கு.

என்னைக் கூப்பிட்டது பிரிண்டர் பார்க்க. அவள் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். "அக்கா, கலண்டரில் ஒன்பதரை என்றுதான் இருந்தது, இப்பவும் இருக்கு, பாருங்க" என்று திறந்து காட்டினாள். உண்மைதான், ஒன்பதரை. கணினியின் மூலையில் ஓடும் மணியையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தின. அதனால்தான் அந்தக் கணினியில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு பொய்க் கூட்டம் போட்டு எனக்கு அழைப்பு அனுப்பச் சொன்னேன். என் கைத்தொலைபேசியில் அது எட்டரை என்று வந்து விழுந்தது. போனை அவள் கையில் கொடுத்தேன். அழுகையை நிறுத்திவிட்டுத் திரையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கணினியின் டைம் சோனில், அதாவது நேர வலயத்தில், டாக்கா என்று இருந்தது. அது, உலக மணிக் கணக்குக்கு அடிப்படையான கிறீன்விச் நேரத்துக்கு ஆறு மணித்தியாலம் முந்தியது. நமது நேரம் ஐந்தரை மணித்தியாலம்தான் முந்தியது. வலயம் பிழையாக இருந்ததால் ஒரு காலத்தில் அந்தக் கணினி அரை மணித்தியாலம் கூடக் காட்டியிருக்கும். யாரோ ஒருவர், கணினி தானாக நேரம் எடுப்பதை நிறுத்திவிட்டு, கையால் அரை மணித்தியாலம் குறைத்து வைத்திருக்கிறார். கண்ணுக்குக் கடிகாரம் சரியாகிவிட்டது. ஆனால் அவுட்லுக் போன்ற கலண்டர்கள் ஒரு கூட்டத்தைக் கிறீன்விச் கணக்கில்தான் வைத்துக்கொள்ளும். பார்ப்பவருடைய கணினியின் வலயத்தைக் கூட்டித்தான் மணியைக் காட்டும். கொழும்பில் ஒன்பது என்று போட்டது கிறீன்விச்சில் மூன்றரை. மூன்றரையுடன் ஆறைக் கூட்டினால் ஒன்பதரை. அந்தப் பிள்ளை ஒன்பது என்று போட்டால் அது கிறீன்விச்சில் மூன்று, மற்றவர்களுக்கு எட்டரை. அவள் போகும் கூட்டத்துக்கு அவள் பிந்துவாள், அவள் கூட்டும் கூட்டத்துக்கு மற்றவர்கள் முந்தி வந்து காத்திருப்பார்கள். இரண்டுக்கும் பழி அவளுக்கே. அந்த மேசையில் யார் உட்கார்ந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

ஏன் நம் நாட்டில் குறிப்பாக இந்த அரை மணித்தியாலம்? நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இல்லாமல் மின்வெட்டு வந்த 1996 இல், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க மே 25 ஆம் திகதி நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்னுக்கு எடுத்தார்கள். அதற்குப் பிறகு 2006 ஏப்ரல் 15 வரை, ஏறக்குறைய பத்து வருடம், இலங்கை நேரம் கிறீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முந்தியே இருந்தது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த மின்வெட்டுக் காலத்தைக் கடந்த நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் கணினி பழகியவர்களில் சிலர் இலங்கைக்கு "ஆறு" என்றே இன்னும் மனதில் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பட்டியலில் ஆறைத் தேடுவார்கள், டாக்கா கிடைக்கும்.

விண்டோஸ் பட்டியலில் நமக்கு உரியது ஸ்ரீ ஜயவர்தனபுர என்று ஐந்தரையில் இருக்கிறது. சென்னை, கொல்கத்தா என்று உள்ள இந்திய வரியைத் தெரிவு செய்தவர்களுக்கும் இன்றைக்கு மணி சரியாகவே காட்டும். இருந்தாலும் நம்முடையதையே தெரிவு செய்யுங்கள். 1996 இல் மாறியது நமது நேரம் மட்டும்தான், இந்தியாவின் நேரம் மாறவில்லை. இனி ஒரு நாள் அப்படி மாறினால், ஸ்ரீ ஜயவர்தனபுர என்று வைத்திருப்பவரின் கணினிக்குத்தான் புதிய கணக்கு வந்து சேரும்.

ஆகவே அலுவலகங்களில் இருப்பவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கூட்ட நேரம் அரை மணித்தியாலம் தள்ளிப்போனால் முதலில் வலயத்தைப் பாருங்கள், கடிகாரத்தைக் கையால் திருப்பாதீர்கள். வலயத்தைச் சரி செய்துவிட்டு, நேரத்தைத் தானாக எடுக்கும்படி விட்டுவிடுங்கள். தீபாவளி விடுமுறையை முழுநாள் என்று போட்டிருக்க, அது முதல் நாள் இரவு பதினொன்றரைக்குத் தொடங்கி இரண்டு நாட்களில் நீண்டு கிடந்தால், அதைப் போட்ட கணினியில்தான் கோளாறு என்று அறியலாம். கூகுள் கலண்டர் பாவிப்பவர்கள் இன்னும் ஒரு இடம் கூடப் பார்க்க வேண்டும். உங்கள் கணக்குக்கு ஒரு வலயம், எல்லோரும் சேர்ந்து பார்க்கும் அந்தக் கலண்டருக்குத் தனியாக இன்னொரு வலயம் என்று அமைப்புகளில் இரண்டு இருக்கும். வெளிநாட்டில் இருந்து வந்த தொண்டர் ஒருவர் தொடங்கிக் கொடுத்துவிட்டுப் போன கலண்டரில் அவருடைய ஊர் நேரமே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கூட்டங்கள் ஏற்கெனவே போட்ட பிறகு வலயத்தைத் திருத்தினால், பிழையான கணினியில் இருந்து போட்டவை பிழையாகவேதான் நிற்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத்தான் வேண்டும், குறுக்கு வழி இல்லை.

வெளிநாட்டு நிறுவனங்களோடு வேலை செய்கிறவர்களுக்கு வேறொரு தொல்லை, இது அரை மணித்தியாலம் அல்ல, முழுதாக ஒன்று. பிரித்தானியாவில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்கும், ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னுக்கும் மாற்றுகிறார்கள். நாம் மாற்றுவதில்லை. லண்டனில் காலை பத்து மணி என்று வாராவாரம் வரும்படி போட்ட கூட்டம் அவர்களுடைய கோடையில் நமக்குப் பிற்பகல் இரண்டரை, குளிர் காலத்தில் மூன்றரை. திரும்பத் திரும்ப வரும் கூட்டம் எந்த நாட்டு நேரத்தில் போடப்பட்டதோ அந்த நாட்டு மணியையே பிடித்துக்கொண்டு நிற்கும். இது தெரியாமல், கலண்டர் பிழை என்று நினைத்து மூன்றரையை இரண்டரையாகத் திருத்திவிடுகிறார்கள். அங்கே லண்டனில் எல்லோருடைய கலண்டரும் ஒன்பதுக்கு இறங்கிவிடுகிறது. அமெரிக்கா மாறுவது வேறு ஞாயிறு. 2026 இல் அவர்களுக்கு மார்ச் 8, பிரித்தானியாவுக்கு மார்ச் 29. மூன்று பேரும் சேர்ந்த கூட்டம் என்றால் இடைப்பட்ட மூன்று வாரமும் குழப்பம்தான்.

இதில் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. மூன்றரை மணிக் கூட்டம் முடிய நாலரை ஆகும். கொழுந்து நிறுக்கிற நேரம். கூட்டத்தில் பேச வேண்டியவர்கள் கொழுந்து எடுக்கிற பெண்கள் என்றால், அந்தக் கூட்டத்தை ஏன் லண்டன் நேரத்தில் போட வேண்டும்? இலங்கை நேரம் இரண்டரை என்று போட்டால் எங்கள் பெண்களுக்கு வருடம் முழுவதும் இரண்டரைதான். லண்டன் ஆட்களுக்குக் கோடையில் பத்து, குளிர் காலத்தில் ஒன்பது. அவர்கள் மேசையில் இருந்தபடி ஒரு மணித்தியாலம் முந்திப் பேசலாம், சம்பளம் குறையாது. மலைநாட்டு மக்களுக்காக வேலை செய்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் இதைச் செய்ய வேண்டும். கேட்டால் செய்வார்கள் என்றே நம்புகிறேன். கேட்பதற்கு நம் பிள்ளைகள் தயங்குகிறார்கள், "லண்டன்காரங்களிடம் எப்படி அக்கா சொல்வது" என்கிறார்கள். தாராளமாகச் சொல்லுங்கள்.

மேலே சொன்ன பிள்ளைக்கு அந்த நாளுக்காக எழுத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். நான் வலயத்தை மாற்றி, காரணத்தை நிர்வாகியிடம் விளக்கிய பிறகும் அந்தக் கடிதம் அவளுடைய கோப்பில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு, எடுத்துவிட்டோம் என்று அவளுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பஸ் காசும் அரைப் பேரும் இழந்த பெண்களுக்கு அதை ஈடு செய்ய வேண்டும். இது பெரிய தொகை இல்லை.

கடிதம் எழுதிய வாசகரிடமும் ஒன்று கேட்கிறேன். அரை மணித்தியாலம் பிந்தியவர்களின் கணினியைத் திறந்து, டைம் சோன் என்ற வரியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு இன்னொரு கடிதம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்புத் தொழில் செய்யும் வாசகி,
டிக்கோயா