இரண்டு யார்டு

அன்பு மாப்ள,

உன் கடிதம் வந்து மூணு வாரம் ஆகிறது, பதில் எழுத உட்காரும்போதெல்லாம் ஏதாவது வேலை வந்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அம்மா நவம்பரில் வந்தாள். ஆஸ்டின் குளிர் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, முட்டிவலி கூடியிருக்கிறது, ஆனாலும் காலையில் வாசலில் ரெண்டு இழை கோலம் இழுக்காமல் உள்ளே வரமாட்டாள். பெரியவள் நாம் படித்த யுனிவர்சிட்டியிலேயே சேர்ந்துவிட்டாள்டா. கொண்டுபோய் விட்ட அன்றைக்கு டவரை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டேன். "என்னப்பா?" என்றாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். 2006 ரோஸ் பௌல், அதான் நம் டெக்சஸ் யுனிவர்சிட்டியும் லாஸ் ஏஞ்சலஸின் யூ.எஸ்.சி.யும் மோதிய காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் இறுதி ஆட்டத்தை யூடியூபில் பார்த்துவிட்டு, கடைசியில் யூ.எஸ்.சி. ஏன் பந்தை உதைத்து அனுப்பவில்லை என்று கேட்டானாம், நீ "மாமாவைக் கேளு" என்று சொல்லிவிட்டாயாம். நீயும் நானும் இருபது வருஷமாகச் சண்டை போட்டதே அதற்குத்தானே! அன்றைக்கு நான் சொன்ன பதில் வேறு, இன்றைக்குச் சொல்லப்போவது வேறு. அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படி.

அவனுக்கு முதலில் இதைச் சொல்லு. நாலு முயற்சிக்குள் பத்து யார்டு கடக்கணும். மூன்றிலும் முடியவில்லை என்றால் நாலாவதில் பந்தைத் தூரமாக உதைத்து அனுப்பிவிடுவதுதான் வழக்கம். உதைக்காமல் ஓடிப் பார்த்து, அதிலும் முடியாமல் போனால் நின்ற இடத்திலேயே பந்து எதிராளி கைக்குப் போய்விடும். ஸ்கோர் 38-33, யூ.எஸ்.சி. முன்னால் இருக்கிறது, ரெண்டு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே பாக்கி, பந்து இருப்பது டெக்சஸின் 45 யார்டு கோட்டில், தேவை ரெண்டே யார்டு. யூ.எஸ்.சி. கோச் பீட் கேரல் உதைக்கச் சொல்லவில்லை. பந்தோடு ஓடும் லென்டேல் வைட் கையில் கொடுக்கச் சொன்னார்.

அந்த நிமிஷம் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ரிவர்சைடு அபார்ட்மென்ட், பழைய சோனி டிவி, அதன் முன்னால் நீ முட்டி போட்டு உட்கார்ந்திருக்கிறாய், கையில் சாம்பார்க் கரண்டி. கரண்டியிலிருந்து கார்ப்பெட்டில் சொட்டுவதைப் பார்த்தும் நான் எதுவும் சொல்லவில்லை. உன் அண்ணன் லாஸ் ஏஞ்சலஸில் இருந்ததால் அந்த வீட்டில் நீ ஒருத்தன்தான் யூ.எஸ்.சி. பக்கம். வைட் குனிந்து முட்டினான், டெக்சஸ் ஆட்கள் சுவர் மாதிரி எதிரே வந்து நின்றார்கள், கோட்டை எட்டவில்லை. நீ கத்தியது ஒரே ஒரு வார்த்தை: "புஷ் எங்கடா?" அந்த வருஷத்தின் சிறந்த காலேஜ் ஆட்டக்காரன் என்று ஹைஸ்மன் விருது வாங்கிய யூ.எஸ்.சி.யின் ரெஜி புஷ் அந்த நேரத்தில் மைதானத்துக்கு வெளியே ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

அது திமிர் என்று நான் அன்றைக்குச் சொன்னேன். 34 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்த மிதப்பு, அதுதான் உதைக்காமல் விட்டார்கள் என்றேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பையன் கேட்டான் என்று போன ஞாயிற்றுக்கிழமை முழு ஆட்டத்தையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். வைட் அன்றைக்கு 124 யார்டு ஓடியிருக்கிறான், மூணு டச்டவுன், அதாவது மூணு தடவை பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோயிருக்கிறான். அந்த ஆளிடம் ரெண்டு யார்டு கேட்பது தப்பா? சரி, உதைத்தே இருந்தாலும் பந்து யார் கைக்குப் போயிருக்கும்? டெக்சஸுக்குப் பந்தை எறியும் வின்ஸ் யங் கைக்குத்தானே. அந்த ராத்திரி அவனைத் தடுக்க யூ.எஸ்.சி.யில் ஆளே இல்லை. 40 எறிந்து 30 சேர்த்தான், 267 யார்டு. காலால் தனியாக 200 யார்டு. இன்னும் முப்பது நாற்பது யார்டு பின்னால் தள்ளியிருந்தாலும் அவன் வந்திருப்பான் என்றுதான் நினைக்கிறேன். பந்தைத் தங்கள் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேரல் நினைத்தது சரி. புஷ்ஷை வெளியே நிறுத்தியதுதான் எனக்கும் இன்றுவரை புரியவில்லை. அவன் உள்ளே இருந்தாலே போதும், பந்து போகாவிட்டாலும் ரெண்டு பேர் அவன் பக்கம் இழுபட்டிருப்பார்கள். ஆக, நீ சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். டெக்சஸ் கடக்க வேண்டியிருந்தது 56 யார்டு. கடைசியில் டெக்சஸுக்கும் நாலாவது முயற்சி வந்தது, எட்டு யார்டு கோட்டில், ஐந்து யார்டு தேவை, 26 நொடி பாக்கி. யங் பந்தை வாங்கிப் பின்னால் நகர்ந்து பார்த்தான், எறிய ஆள் இல்லை, வலது ஓரம் திறந்து கிடந்தது. ஓடினான் என்று சொல்வதைவிட நீள நீளமாக நடந்துபோனான் என்றுதான் சொல்லணும், அவன் ஓட்டம் அப்படி. மூலையில் இருக்கும் அந்த ஆரஞ்சுக் கம்பத்தை ஒட்டி உள்ளே போனபோது 19 நொடி பாக்கி. கூட ரெண்டு பாயிண்டும் அவனே ஓடி எடுத்தான். 41-38. 93,986 பேர் கூடியிருந்த மைதானம். கீத் ஜாக்சன் வர்ணனை செய்த கடைசி ஆட்டமும் அதுதான். ஆட்டம் முடிந்தபோது அவர் குரலும் ஓய்ந்துவிட்டது என்பது அன்றைக்கு நமக்குத் தெரியாது.

பையனுக்கு இன்னொன்றும் காட்டு. இரண்டாம் கால் பகுதியில் வின்ஸ் யங்கின் முட்டி தரையில் பட்ட பிறகுதான் அவன் பந்தைத் தன் அணியின் செல்வின் யங்குக்குத் தள்ளிவிட்டான், அது டச்டவுனாகிவிட்டது, நடுவர்கள் ரீப்ளே பார்க்கவே இல்லை. நான் டெக்சஸ்காரன்தான், ஆனாலும் அது தப்பு என்று சொல்லிவிடுகிறேன். அதே பாதியில் புஷ் நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தவன் தேவையே இல்லாமல் பந்தைப் பக்கத்தில் ஓடியவனிடம் வீசி டெக்சஸுக்குத் தானம் செய்ததையும் சேர்த்துக் காட்டு.

இதெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், அந்த ஆட்டம் இனிமேல் நடக்காதுடா. அதுதான் போன வாரம் முழுக்க என்னை அரித்துக்கொண்டிருந்தது. யூ.எஸ்.சி. பசிபிக்-10 என்ற மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸின், அதாவது காலேஜ்கள் சேர்ந்து ஆடும் லீக்கின், சாம்பியன். டெக்சஸ் பிக் 12 சாம்பியன், இறுதியில் கொலராடோவை 70-3 என்று துவைத்துவிட்டு வந்த அணி. ரெண்டு பேரும் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. அவரவர் ஊர்ப் பக்கத்தில் எல்லோரையும் ஜெயித்துவிட்டு, ஒரே ஒரு ராத்திரி நேருக்கு நேர் நின்றார்கள். இப்போது பார், 2024-லிருந்து டெக்சஸ் எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸில், யூ.எஸ்.சி. பிக் டென் கான்ஃபரன்ஸில். லாஸ் ஏஞ்சலஸ் பிள்ளைகள் நியூ ஜெர்சி வரை பறந்து போய் "நம்ம கான்ஃபரன்ஸ்" என்று ஆடுகிறார்கள். எல்லாம் டிவிக் காசு. நூறு வருஷத்துக்கு மேல் நின்ற மேற்குக் கரைக் கான்ஃபரன்ஸ் ஒரே கோடையில் உதிர்ந்துபோனது.

தேசிய சாம்பியன் யார் என்று முடிவுசெய்யப் பன்னிரண்டு அணி பிளே ஆஃப் வந்ததே நல்லது என்று நீ சொல்வாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், வெளியே நிற்கும் அணிகளுக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கட்டுமே என்று. ஆனால் அதன் முதல் வருஷத்தை எடுத்துக்கொள். ஒரிகன் ஒரு தோல்வி இல்லாமல் பிக் டென் சாம்பியன் ஆனது. 2025 புத்தாண்டு அன்று, அதே ரோஸ் பௌல் மைதானத்தில், அதே கான்ஃபரன்ஸில் ரெண்டு ஆட்டம் தோற்ற ஒஹாயோ ஸ்டேட்டிடம் 41-21 என்று தோற்றது. அக்டோபரில் அவர்களை ஒரு பாயிண்டில் ஜெயித்ததே இந்த ஒரிகன்தான்! கடைசியில் ஒஹாயோ ஸ்டேட்டும் நோட்ரடேமும் இறுதி ஆட்டம் ஆடின. ஒன்று தன் கான்ஃபரன்ஸில் சாம்பியன் இல்லை, இன்னொன்று எந்தக் கான்ஃபரன்ஸிலுமே இல்லை. ஒஹாயோ ஸ்டேட் நன்றாக ஆடித்தான் ஜெயித்தது, அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூணு மாசம் பாடுபட்டு எடுத்த சாம்பியன் பட்டத்துக்கு என்ன மதிப்பு? நம் டெக்சஸும் அந்த வருஷம் எஸ்.இ.சி. இறுதியில் தோற்றுவிட்டு, பிக் 12 சாம்பியனான அரிசோனா ஸ்டேட்டை ரெண்டு ஓவர்டைம் போய் ஜெயித்தது. கைதட்டினேன், ஆனால் மனசு முழுசாக ஒட்டவில்லை.

ரெஜி புஷ் கதையையும் பையனிடம் சொல்லிவிடு. காசு வாங்கினான் என்று 2010-ல் யூ.எஸ்.சி.யின் அந்த வருஷத்து வெற்றிகளை ஏட்டிலிருந்து அடித்தார்கள், ஹைஸ்மனை அவனே திருப்பிக் கொடுத்தான். 2024-ல் அதை மறுபடி அவனிடமே கொடுத்துவிட்டார்கள். இப்போது மாணவர்களுக்குப் பள்ளிகளே நேரடியாகக் காசு தருகின்றன. பதினாலு வருஷம் அவனை ஒதுக்கி வைத்தது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

அன்றைக்கு ராத்திரி பதினொன்றுக்கு மேல் நாம் குவாடலூப் தெருவுக்கு நடந்து போனது நினைவிருக்கிறதா? தோற்ற கோபத்தில் வரமாட்டேன் என்றவனை நான்தான் ஸ்வெட்டரை மாட்டி இழுத்துக்கொண்டு போனேன். தெரு முழுக்க ஹார்ன் சத்தம், முகம் தெரியாதவர்கள் எல்லாம் கட்டிப்பிடிக்கிறார்கள், திரும்பினால் டவர் முழுக்க ஆரஞ்சு வெளிச்சம், ஜன்னல் விளக்குகளில் பெரிதாக "1". நீ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு" என்றாய். கரண்டி இன்னும் உன் கையில் இருந்தது.

ஏப்ரலில் ஆஸ்டின் பக்கம் வேலையாக வருவதாக எழுதியிருக்கிறாய். ஹோட்டல் எல்லாம் எடுக்காதே, வீட்டில் இடம் இருக்கிறது, அம்மாவும் அதுவரை இருப்பாள். பையனையும் கூட்டிக்கொண்டு வா. அந்தக் கடைசி நாலு நிமிஷத்தை மூணு பேரும் உட்கார்ந்து பார்ப்போம், புஷ் எங்கே நின்றான் என்று அவனுக்கு நீயே காட்டு.

அன்புடன்,
உன் ரிவர்சைடு ரூம்மேட்