அம்மாவின் மாத்திரை வாசலுக்கு வருகிறது, தம்பியின் மாத்திரை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆண்டுதோறும் அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் உங்கள் இதழில் மனநலக் கட்டுரைகள் வருகின்றன. தேர்வு பயம், வேலைப் பளு, மனச்சோர்வு பற்றியெல்லாம் எழுதுகிறீர்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணையும் (அரசின் மனநல உதவி எண்) கட்டம் கட்டிப் போடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால், மனச்சிதைவு போன்ற நாள்பட்ட நோயோடு வாழ்கிறவர்களைப் பற்றி நான் படித்தது மிகக் குறைவு. தனக்கு நோய் இருப்பதையே நம்பாத ஒருவர் எந்த எண்ணுக்கும் போன் செய்ய மாட்டார். அவரைத் தேடி யாராவது வந்தால்தான் உண்டு.

என் தம்பிக்குக் கல்லூரியில் படிக்கும்போது இந்த நோய் வந்தது. அரசு மருத்துவமனைச் சிகிச்சையில்தான் தேறினான். அந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. தேறி வந்து மரக்கடை ஒன்றில் கணக்கு எழுதப் போனான். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுத்துக் கொடுத்தான்.

அப்புறம் ஒரு மாதம் மருந்தகத்தில் அவனுடைய மாத்திரை ஸ்டாக் இல்லை. “அடுத்த வாரம் வந்து பாருங்கம்மா” என்றார்கள். வெளியில் வாங்கிக்கொள்ளச் சீட்டு எழுதித் தந்தார்கள். எங்கள் ஊர் மருந்துக் கடையில் அந்த மாத்திரை கிடையாது. அடுத்த வாரம் அம்மாவுக்குக் காய்ச்சல். இப்படியே நாள் ஓடியது. மாத்திரை இல்லாமலும் தம்பி முதலில் நன்றாகத்தான் இருந்தான். இந்த நோயில் அதுதான் ஆபத்து. மருந்தை நிறுத்திய மறுநாளே ஒன்றும் தெரியாது.

முதலில் தூக்கம் போனது. பிறகு டி.வி.யை அணைக்கச் சொன்னான், செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்று. அப்புறம் தட்டில் போட்ட சோற்றை அம்மா ஒரு வாய் தின்று காட்டினால்தான் தொடுவான். கடைசியில் ஒரு ராத்திரி மாமாக்கள் அவன் கையைத் துண்டால் கட்டி வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மரக்கடை வேலை போனது போனதுதான்.

இத்தனை வாரத்தில் அவன் ஏன் மருந்து வாங்க வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கேட்பது யாருடைய வேலையாகவும் இல்லை என்பதுதான் என் வருத்தம். காசநோய் மாத்திரையைப் பாதியில் விட்டவரைத் தேடிச் சுகாதாரப் பணியாளர் வருகிறார். குழந்தைக்குத் தடுப்பூசி தவறினால் கிராம சுகாதார செவிலியர் வாசலில் வந்து நிற்கிறார். தேடிப் போகும் பழக்கம் நம் சுகாதாரத் துறைக்குப் புதிதில்லை.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டுவரும் பெண் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, நோட்டில் குறித்துக்கொண்டு போகிறார். அதே வீட்டில் இருக்கும் தம்பியின் மாத்திரைக்கு அம்மா இரண்டு பஸ் மாறிப் போகிறார், ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கிறார், ஒரு நாள் கூலியை விடுகிறார். அந்தப் பெண்ணின் பையில் தம்பியின் மாத்திரைக்கும் இடம் வேண்டும்.

நோய் கட்டுக்குள் இருப்பவருக்கு மருத்துவர் எழுதிய மாத்திரையை மாதாமாதம் வீட்டில் கொடுக்கலாம், குறித்த இடைவெளியில் மருத்துவர் நேரில் பார்க்கலாம். எல்லா மருந்துக்கும் இது சரிப்படாது. லித்தியம், குளோசபின் எடுப்பவர்களுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம், அவர்கள் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஊரார் காதுக்குப் போய்விடும் என்று பயப்படுகிற குடும்பங்களும் உண்டு, நியாயமான பயம்தான். அவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளட்டும். வீட்டுக்கு வருகிறவர் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, மாத்திரை போடுகிறாரா என்று கேட்டு, ஏதாவது சரியில்லை என்றால் மாவட்ட மனநலத் திட்டச் செவிலியருக்கு ஒரு போன் போட்டால் போதும். டி.வி.யை அணைக்கச் சொன்ன அன்றே அந்த போன் போயிருந்தால் தம்பிக்கு வேன் தேவைப்பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

இது சலுகை கேட்பதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு, அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமுதாய சுகாதார நிலையத்திலிருந்து மேலே எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எந்நேரமும் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. எந்நேரமும் என்றால் ஸ்டாக் இல்லை என்ற பதிலுக்கே இடமில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996 முதல் நடக்கிறது. மருந்து கொள்முதலுக்கு 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கி, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகும்படி நடத்தியது நம் மாநிலம். மனநல மாத்திரையைக் கடைசி ஊர்வரை கொண்டு சேர்க்க நம்மால் முடியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் பிணைப்பதை இன்று சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது. தடை வேண்டும்தான். ஆனால், அந்த 28 பேரையும் அங்கே கொண்டுபோய் விட்ட குடும்பங்களை நினைத்துப் பார்க்கிறேன். பக்கத்திலேயே மருந்தும், கேட்க ஒரு ஆளும் இருந்திருந்தால் அவர்களில் எத்தனை பேர் அங்கே விட்டிருப்பார்கள்?

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் மனநல நாளுக்கு உங்கள் மாவட்டச் செய்தியாளர்களை வட்டார மருத்துவமனை மருந்தகங்களுக்கு அனுப்புங்கள். மனச்சிதைவுக்குத் தரும் ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் மாத்திரைகள், மாதம் ஒருமுறை போடும் ஃப்ளூபெனசின் ஊசி, மூன்றும் இன்று கையிருப்பில் இருக்கிறதா என்று கேட்டு, கிடைக்கும் பதிலை ஊர் பெயரோடு அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
(தம்பியின் நலன் கருதி என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.)