மழைக்குறி பார்ப்பவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்

கிழக்காப்பிரிக்க அரசுகளின் கூட்டமைப்பான இகாட் நைரோபியில் நடத்தும் காலநிலை மையத்தின் அறிஞர்களுக்கும், அதனோடு சேர்ந்து பணியாற்றும் பதினோரு கிழக்காப்பிரிக்க நாடுகளின் வானிலைத் துறையினருக்கும்,

வணக்கம்.

1998 முதல் நீங்கள் ஒன்றாகக் கூடி, ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னால் அறிக்கை தருகிறீர்கள். அக்டோபர் - டிசம்பர் மழை பற்றிய அறிக்கையை இங்கே தமிழ்நாட்டிலிருந்து நானும் ஆவலோடு படிப்பேன். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடேறினால் உங்கள் பக்கம் மழை கொட்டித் தீர்க்கிறது. அதே மாதங்களில் பெய்யும் எங்கள் வடகிழக்குப் பருவமழைக்கும் அந்தக் கடலோடு கணக்கு உண்டு. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

2022 ஆகஸ்டில், வரப்போகும் மழையும் பொய்க்கும் என்று சொன்னீர்கள். பொய்த்தது. தொடர்ந்து ஐந்தாவது முறை. சோமாலியாவில் அந்த ஓர் ஆண்டில் மட்டும் வறட்சியால் 43,000 பேர் வரை கூடுதலாக இறந்திருக்கலாம் என்று பிறகு மதிப்பிட்டார்கள். போர், விலைவாசி, வந்து சேராத உதவி எனக் காரணங்கள் பல. அந்தப் பழியை உங்கள் மேல் போடவில்லை. ஆனால் கணிப்பு சரியாக இருந்தால் மட்டும் உயிர் பிழைத்துவிடாது என்று உங்களை விட நன்றாக யாருக்குத் தெரியும்?

உங்கள் வரைபடத்தில் மழை இயல்பை விட அதிகமா, இயல்பா, குறைவா என்பதற்கு மூன்று சதவீதங்கள் இருக்கும். மக்காச்சோளம் விதைக்கக் காத்திருக்கும் பெண்ணுக்கு வேண்டியது வேறு: மழை எப்போது பிடிக்கும், நடுவில் எத்தனை நாள் விடும், எங்கள் சரிவில் எப்படி? இந்தக் கேள்விகளைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வந்தவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

மேற்குக் கென்யாவின் விஹிகா பகுதியில் இங்ஙன்யி குலத்தார் தங்கள் கோயிற்காடுகளை வெட்டாமல் காத்து வருகிறார்கள். எந்த மரம் பூக்கிறது, எது இலை உதிர்க்கிறது, எறும்பு என்ன செய்கிறது, எந்தப் பறவை கூவுகிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பியது என்று பார்த்து மழை சொல்வார்கள். காலனி ஆட்சி இவர்களைச் சூனியக்காரர் பட்டியலில் சேர்த்து ஒதுக்கியது. 2008 வாக்கில் உங்கள் மையமும் கென்ய வானிலைத் துறையும்தான் அவர்களோடு உட்கார்ந்து, இரு தரப்புக் கணிப்பையும் ஒப்பிட்டு, பொதுவான ஒன்றை ஊருக்குச் சொன்னீர்கள். கனடாவும் பிரிட்டனும் பணம் தந்தன. அருமையான வேலை அது. என் வருத்தமெல்லாம், அதை ஒரு திட்டமாகவே வைத்துவிட்டோம் என்பதுதான். வெளிநாட்டு நிதியின் தவணையை நம்பி இப்படிப்பட்ட வேலையை விடக்கூடாது. வானிலைத் துறையின் ஆண்டு பட்ஜெட்டிலேயே, ஒவ்வொரு மாவட்டத்துக்கும், இதற்கென்று ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.

இது மூடநம்பிக்கைக்கு இடம் கொடுப்பதில்லையா என்று உங்களில் சிலர் தயங்கலாம். தான்சானியா, ஜாம்பியாவின் மியோம்போ காடுகளில் முதல் மழைக்குச் சில வாரங்கள் முன்பே மரங்கள் துளிர்க்கின்றன. தாவரவியலாளர்கள் ஒப்புக்கொண்ட விஷயம் இது. எத்தியோப்பியாவின் போரானா மக்கள் ஆட்டுக் குடலைப் பார்த்துச் சொல்வது வேறு வகை. அதை அறிவியல் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் மந்தையை எங்கே ஓட்டுவது என்று பெரியவர்கள் கூடிப் பேசும் இடத்தில் குடல் பார்ப்பவர் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. உங்கள் எச்சரிக்கை அந்தக் கூட்டத்துக்குள் போக வேண்டுமென்றால் அவரோடு பேசித்தான் ஆக வேண்டும்.

குறிகளும் தவறும். பருவமே புரண்டு கிடக்கும்போது பழைய குறிகள் பல பொய்யாகின்றன என்று அந்த ஊர்ப் பெரியவர்களே சொல்கிறார்கள். சரி, அதையும் எழுதி வையுங்கள். இந்த மரம் இந்தத் தேதியில் பூத்தது, மழை இந்தத் தேதியில் வந்தது என்று பத்து ஆண்டு பதிந்தால் எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துவிடும். உங்கள் கணிப்பையும் அதே பக்கத்தில், அதே கண்டிப்போடு எழுதுங்கள். அந்த ஏடு ஊராரிடமே இருக்கட்டும். ஆய்வுக் கட்டுரை வந்தால் அவர்கள் பெயரும் அதில் வரட்டும்.

அப்புறம், அந்த மரங்கள். மழைமானியை யாராவது பிடுங்கிப்போட்டால் நீங்கள் சும்மா இருப்பீர்களா? குறி சொல்லும் மரமும் ஒரு கருவிதான். அதை வெட்டினால் தடுக்கச் சட்டம் வேண்டும். நீங்கள் எழுதிக் கேட்டால் அரசு காது கொடுக்கும்.

அடுத்த ஆகஸ்டில் நீங்கள் கூடும்போது விஹிகாவிலிருந்தும் போரானாவிலிருந்தும் பெரியவர்களை அழையுங்கள். பெண்களையும் சேர்த்து அழையுங்கள், விதைப்பில் அவர்கள் கையும் இருக்கிறது. பயணச் செலவு கொடுங்கள், மொழிபெயர்ப்பாளர் வையுங்கள். துவக்க விழாவில் பாட்டுப் பாட வைத்து அனுப்பிவிடாதீர்கள். இறுதி அறிக்கையை எழுதும் அறைக்குள் அவர்களும் இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அறிக்கைகளைப் படிக்கும் ஒரு தமிழர்