பிரேக் சத்தம்: எப்போது கேட்கிறது என்பதே முதல் கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கார் பராமரிப்பைப் பற்றி வெளிவரும் குறிப்புகளில் பல, "பிரேக்கில் சத்தம் வந்தால் உடனே பேடை மாற்றிவிடுங்கள்" என்ற ஒரே வரியோடு நின்றுவிடுகின்றன. (பேடு என்பது, பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற வட்டத் தகட்டை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் உராய்வுக் கட்டை.) பல ஆண்டுகளாகக் கார் ஓட்டிவருபவன் என்ற முறையில், அந்த அறிவுரை பாதிதான் சரி என்பதையும், அதை அப்படியே பின்பற்றினால் வீண்செலவும் சில வேளைகளில் ஆபத்தும் நேரும் என்பதையும் தெரிவிக்க விரும்புகிறேன்.

சென்ற ஆண்டு என் காரின் முன்சக்கரம் ஒன்றிலிருந்து தகரத்தைச் சுரண்டுவது போன்ற ஓசை எழத் தொடங்கியது. நான் கொண்டு சென்ற ஒர்க்‌ஷாப்பில் பேடுகளை மாற்றினார்கள். ஓசை அப்படியே இருந்ததால், அடுத்து டிஸ்க்கையும் மாற்ற வேண்டும் என்றார்கள். சந்தேகத்தோடு வேறொரு மெக்கானிக்கிடம் காட்டியபோது, அவர் வண்டியைத் தொடுவதற்கு முன்பே, மிதிக்கும்போது மட்டும் கேட்கிறதா, மிதிக்காதபோதும் கேட்கிறதா என்று வினவினார். மிதித்தாலும் மிதிக்காவிட்டாலும், சக்கரத்தின் வேகத்துக்கேற்ப ஓசை கூடிக் குறைகிறது என்றேன். சக்கரத்தைக் கழற்றியதும், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள மெல்லிய தூசித் தகட்டுக்கும் இடையில் சிக்கியிருந்த சிறு கல் கீழே விழுந்தது.

ஓசை எப்படி இருக்கிறது என்பதைவிட எப்போது எழுகிறது என்பதே காரணத்தை விரைவாகக் காட்டிக்கொடுக்கும் என்பதை அன்று உணர்ந்தேன். இரவெல்லாம் மழையில் நின்ற வண்டியை மறுநாள் காலையில் எடுக்கும்போது முதல் சில மிதிகளில் கரகரப்பதும், பிறகு தானாக அடங்கிவிடுவதும் டிஸ்க்கின் மேல் படியும் மெல்லிய துருவால் நேர்வன. அவற்றுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. வழுக்கும் சாலையில் அழுத்தி மிதிக்கும்போது பெடல் அதிர்ந்து ஒரு கடகடப்பு கேட்டால், அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு தன் வேலையைச் செய்யும் ஓசையே. அதற்குப் பயந்து காலை எடுத்துவிடுவதுதான் தவறு.

நாள்தோறும் விடாமல் கேட்கும் கிரீச்சொலி வேறு வகை. புதிய பேடில் உராயும் பகுதி பெரும்பாலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது தேய்ந்து ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீட்டர் ஆகும்போது, பல பேடுகளில் இதற்கென்றே வைக்கப்பட்டுள்ள ஒரு சிறு உலோக நாக்கு டிஸ்க்கில் உரசி அந்த ஒலியை எழுப்புகிறது. எச்சரிப்பதற்காகவே உருவாக்கப்பட்ட அந்த ஒலியை ஸ்டீரியோவின் சத்தத்தைக் கூட்டி மறைத்துக்கொள்பவர்களை நான் அறிவேன். அதையும் கடந்துவிட்டால், பேடின் பின்தகடே டிஸ்க்கை அரைக்கத் தொடங்கும். இரும்போடு இரும்பு அரைபடும் அந்த ஓசை கேட்ட பிறகு வண்டியை ஓட்டிச் செல்வதே தவறு.

மிதிக்கும் கணத்தில் 'ணங்' என்று ஒருமுறை தட்டினால், பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் போல்ட்டோ, பேடைப் பிடித்திருக்கும் கிளிப்போ தளர்ந்திருக்கலாம். சஸ்பென்ஷன் இணைப்புகளில் உள்ள ரப்பர் புஷ் தேய்ந்திருந்தாலும் அப்படித் தட்டும். திருப்பங்களில் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் கூடும் முனகலுக்குப் பிரேக்கைவிட, சக்கரம் தடையின்றிச் சுழல உதவும் வீல் பேரிங்கே காரணமாக இருக்க வாய்ப்பு மிகுதி. ஓட்டி முடித்ததும் ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட மிகவும் சூடாக இருந்தால், காலிப்பர் நழுவி நகர உதவும் 'பின்' என்ற உலோகக் கம்பி இறுகி, பேடு டிஸ்க்கை விடாமல் பற்றிக்கொண்டிருக்கக்கூடும். அங்கே பேடை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே தேய்ந்துபோகும்.

இன்னொன்றைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டும். சத்தத்தை அடக்குவதற்காக டிஸ்க்கின் மேல் எண்ணெய் அல்லது துருநீக்கி திரவத்தைத் தெளிப்பவர்கள் உண்டு. சத்தம் நிற்கும், வண்டி நிற்காது. எண்ணெய் ஊறிய பேடு மீண்டும் பயன்படாது. பேடின் பின்புறத்திலும் நழுவும் பின்களிலும் அதற்கென்றே உள்ள கிரீஸை அளவோடு பூசுவது வேறு. உராயும் முகத்தில் ஒரு துளிகூடப் படக்கூடாது.

எனவே, வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும்போது, ஓசை எந்தச் சக்கரத்தில், எந்த வேகத்தில், மிதிக்கும்போதா மிதிக்காதபோதா, வண்டி குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா கேட்கிறது என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மாற்றியாக வேண்டும் என்று சொன்னால், கழற்றிய பேடுகளைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அவற்றில் உட்பக்கப் பேடையும் தவறாமல் பார்க்க வேண்டும், ஏனெனில் சக்கரத்தின் இடைவெளி வழியே நம் கண்ணுக்குத் தெரிவது வெளிப்பக்கப் பேடு மட்டுமே.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்